கம்ப்யூட்டர்களுக்குப் பொது மொழி தேடிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கோடை விடுமுறைக் காலம். ஓர் அமெரிக்கக் குடும்பம் தன் கோடை வீட்டில் தங்கியிருந்தது. அந்த வீட்டில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. அலாரம் கடிகாரம் எப்படி மணி அடிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒரு கடிகாரத்தை எடுத்துக் கழற்றினாள். சக்கரங்களும் சுருள்வில்லும் சிதறி விழுந்தன. திரும்ப மாட்டத் தெரியவில்லை. அடுத்த அறைக்குப் போய் இன்னொரு கடிகாரத்தை எடுத்தாள். அதற்கும் அதே கதி. இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாகக் கிடந்தன.

தாயார் வந்து பார்த்தார். குழந்தையை அடிக்கவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் பிரிக்கலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சிறுமிதான் கிரேஸ் ஹாப்பர். பிற்காலத்தில் அமெரிக்கக் கப்பற்படையின் ரியர் அட்மிரலாக உயர்ந்தவர். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்காக எழுதியது இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் ஓடவேண்டும் என்பதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர்.

தந்தையின் விருப்பம்

கிரேஸ் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். மூன்று குழந்தைகளில் மூத்தவர். தந்தை இன்ஷ்யூரன்ஸ் தொழில் செய்தவர். தாயாருக்குக் கணக்கு என்றால் உயிர். ஆனால் அந்தக் காலத்தில் பெண்கள் கணக்கைப் பெரிய படிப்பாகப் படிப்பது வழக்கமில்லை. தமக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று தாயார் விரும்பினார்.

தந்தைக்கு ரத்தக்குழாய் நோய் வந்து கால்களை எடுக்க வேண்டியதாயிற்று. மரக்கால்களுடன் அவர் வேலைக்குப் போய்வந்தார். நாளைக்குத் தாம் இல்லாவிட்டாலும் பெண்கள் தங்கள் காலிலேயே நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மகனுக்குக் கிடைக்கும் படிப்பு மகள்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றார்.

வாஸர் கல்லூரியில் சேர முயன்றபோது லத்தீன் பரீட்சையில் மார்க் போதவில்லை. கிரேஸ் ஓராண்டு காத்திருந்து மறுபடி எழுதிச் சேர்ந்தார். 1928-ல் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டம் பெற்றார். 1934-ல் யேல் சர்வகலாசாலையில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இதற்கிடையில் 1930-ல் வின்சென்ட் ஹாப்பர் என்ற ஆசிரியரை மணந்தார். அந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை. 1945-ல் சட்டப்படி முடிந்தது. குழந்தைகள் இல்லை. ஹாப்பர் என்ற பெயர் மட்டும் கடைசிவரை அவருடன் இருந்தது.

கப்பற்படையில் கணக்கு டீச்சர்

வாஸர் கல்லூரியிலேயே அவர் கணிதம் கற்பித்து வந்தார். 1941-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கியது. கிரேஸின் பூட்டனார் கப்பற்படையில் ரியர் அட்மிரலாக இருந்தவர். தாமும் கப்பற்படையில் சேர வேண்டும் என்று கிரேஸ் துடித்தார். வயது அதிகம் என்றார்கள். எடை குறைவு என்றார்கள். கணித ஆசிரியராக இருப்பதே நாட்டுக்குச் செய்யும் சேவைதான் என்றார்கள். அவர் விடவில்லை. எடை விஷயத்தில் விலக்குப் பெற்று, 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார். பயிற்சிப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினார்.

போர்க் கப்பலில் வேலை கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம். கிடைத்ததோ ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஒரு கணக்கு யந்திரத்தின் முன் வேலை. 1944-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த யந்திரத்தைத் திட்டமிட்ட ஹோவார்டு ஐக்கன் என்ற கமாண்டர்தான் மேலதிகாரி. வந்த அன்றே யந்திரத்தைக் காட்டி, ஒரு கடினமான கணக்கையும் கொடுத்து, சில நாளில் விடை வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மார்க்-1 என்பது அந்த யந்திரத்தின் பெயர். நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை ஏறக்குறைய 5 டன். உறுப்புகள் ஏழு லட்சத்துக்கு மேல். ஓடும்போது ஆலையைப் போலச் சத்தம் போடும். ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல் கணக்குப் போடும். ஒரு பெருக்கலுக்கு ஆறு விநாடி ஆகும். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேகம். கப்பற்படையின் யுத்தக் கணக்குகள் அங்கே இரவு பகலாக நடந்தன. அதை இயக்கும் முறையை விளக்கி 500 பக்கங்களுக்கு மேல் உள்ள ஒரு கையேடும் அவர் கையால் உருவாயிற்று. அது 1946-ல் வெளிவந்தது.

யந்திரம் தானாக எதையும் செய்யாது. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று வேலைகளை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் புரோகிராம் என்று பெயர். மார்க்-1 யந்திரத்துக்கு அதைக் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு துளை தவறினால் கணக்கு முழுவதும் தவறு.

அகப்பட்ட பூச்சி

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி ஒரு வேடிக்கை நடந்தது. ஹார்வர்டின் அடுத்த யந்திரமான மார்க்-2 திடீரென்று கோளாறு செய்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு விட்டில் பூச்சி அகப்பட்டுக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் நாடா போட்டு ஒட்டி, பூச்சி நிஜமாகவே அகப்பட்டது இதுதான் முதல் தடவை என்று எழுதி வைத்தார்கள். யந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. அதனால்தான் அந்தச் சிரிப்பு. பூச்சியைக் கண்டுபிடித்தவர் ஹாப்பர் அம்மையார் அல்ல. ஆனால் அந்தக் கதையை ஊரெங்கும் சொல்லிப் பரப்பியவர் அவர்தான்.

யுத்தம் முடிந்தது. அவருடைய வாழ்க்கையில் அது கஷ்டமான காலம். மணவாழ்க்கை முறிந்திருந்தது. ஹார்வர்டில் பெண்ணுக்கு நிரந்தர உத்தியோகம் கிடைக்கும் வழி இல்லை. குடிப்பழக்கம் வேறு அவரைப் பிடித்து வருத்தியது. நண்பர்கள் கைகொடுத்தார்கள். 1949-ல் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி என்ற இருவர் நடத்திய கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து புதிதாகத் தொடங்கினார். அப்போது வயது 42.

தானே எழுதும் யந்திரம்

ஹார்வர்டில் வேலை செய்தபோதே அம்மையார் ஒன்றைக் கவனித்திருந்தார். ஒரே மாதிரிக் கணக்கு அடிக்கடி வரும். அதற்கு முன்பு எழுதிய பகுதியை ஒருவர் நோட்டுப் புத்தகத்திலிருந்து இன்னொருவர் பார்த்து எழுதிக்கொள்வார். பார்த்து எழுதும்போது தவறு நேரும். எண்களைக் கூட்டும்போதும் தவறு நேரும். கூட்டுவதிலும் பார்த்து எழுதுவதிலும் மனிதனைவிட யந்திரம் கெட்டிக்காரத்தனம் உள்ளது. அப்படியானால் அந்த வேலையை யந்திரத்திடமே ஏன் விடக்கூடாது?

1952-ல் அதைச் செய்து காட்டினார். அடிக்கடி தேவைப்படும் பகுதிகளைக் காந்த நாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுத்தார். அடையாளத்தைச் சொன்னால் போதும். யந்திரமே பகுதிகளைத் தேடி எடுத்து, கோத்து, முழுப் புரோகிராமைத் தயாரித்துவிடும். அப்படிச் செய்யும் ஏற்பாட்டுக்குக் கம்பைலர் என்று பெயர் வந்தது.

பலர் நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும், புரோகிராம் எழுதாது என்று சாதித்தார்கள். அம்மையார் அடுத்த படிக்குப் போனார். வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் கணிதக் குறிகளைக் கண்டு பயப்படுகிறார்கள். அவர்களுக்குப் பழக்கமான சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதலாம் என்றார். கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் தெரியாது என்று மேலதிகாரிகள் தள்ளினார்கள். எந்த எழுத்தும் யந்திரத்துக்கு வெறும் குறிதான் என்று காட்டுவதற்காக, அதே கட்டளைகளை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் போட்டுக் காட்டினார் அம்மையார். அது வேறு வினையாயிற்று. அமெரிக்காவில் செய்த யந்திரம் பிரெஞ்சு பேசுமா என்று அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். சமாதானம் செய்யப் பல நாள் ஆயிற்று. கடைசியில் ஆங்கிலச் சொற்களில் கட்டளை ஏற்கும் ஃப்ளோ-மாட்டிக் என்ற மொழி பிறந்தது.

ஆளுக்கொரு பாஷை

இப்போது வேறொரு தொல்லை முளைத்தது. ஒரு கடையில் வாங்கிய பல்பு வேறு கடையில் வாங்கிய ஹோல்டரில் பொருந்துகிறது. பல்பு செய்பவர்களும் ஹோல்டர் செய்பவர்களும் ஒரே அளவை ஏற்றுக்கொண்டதால்தான் அது நடக்கிறது. கம்ப்யூட்டர் உலகில் அப்படிப்பட்ட பொது அளவு கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு மொழியை வைத்துக்கொண்டது. ஒரு யந்திரத்துக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. புது யந்திரம் வாங்கினால் பழைய புரோகிராம்களையெல்லாம் புதிதாக எழுத வேண்டும். சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு, பாக்கிக் கணக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

1959-ல் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவிடம் 225 கம்ப்யூட்டர்கள் இருந்தன. இன்னும் 175-க்கு ஆர்டர் போயிருந்தது. புரோகிராம்களுக்கு மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. எல்லாம் மக்கள் வரிப்பணம்.

அந்த ஆண்டு ஏப்ரலில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் சிலர் கூடிப் பேசினார்கள். அவர்களில் ஹாப்பர் அம்மையாரும் ஒருவர். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு பொது மொழி வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் ஒரு கம்பெனி கூப்பிட்டால் போட்டிக் கம்பெனி வராது. ஆகவே பாதுகாப்பு இலாகாவை முன்னால் நிறுத்தினார்கள். அந்த இலாகாவின் சார்லஸ் பிலிப்ஸ் அழைப்பு விடுத்தார். மே மாதம் ராணுவத் தலைமையகமான பென்டகனில் சுமார் 40 பேர் கூடினார்கள். கம்ப்யூட்டர் செய்பவர்களும் வாங்குபவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள்.

கல்லறைக் கல்

புது மொழிக்குக் கோபோல் என்று பெயர் வைத்தார்கள். வியாபாரத்துக்கு உகந்த பொது மொழி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்கள் சேர்ந்த பெயர் அது. வேலையோ ஆமை வேகத்தில் நகர்ந்தது. எல்லோரும் தங்கள் கம்பெனியின் வழியையே புகுத்தப் பார்த்தார்கள்.

ஆர்.ஸி.ஏ. கம்பெனியைச் சேர்ந்த ஹோவார்டு பிரோம்பர்க் என்பவருக்குப் பொறுமை போயிற்று. கல்லறைக் கல் செதுக்கும் கடைக்குப் போனார். மேலே ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருக்கும் சிறிய கல் ஒன்றை வாங்கினார். அதில் கோபோல் என்ற பெயரைச் செதுக்கச் சொன்னார். இது என்ன பெயர் என்று கடைக்காரர் கேட்டபோது, அது போலந்து நாட்டுப் பெயரின் சுருக்கம் என்று சொல்லிச் சமாளித்தார். அந்தக் கல்லைப் பார்சல் கட்டிப் பென்டகனில் பிலிப்ஸுக்கு அனுப்பி வைத்தார். குழந்தை பிறக்குமுன்பே கல்லறை தயார் என்பது பொருள்!

ஆனால் குழந்தை பிழைத்தது. 1959 டிசம்பரில் வரைவு முடிந்து 1960-ல் அச்சாயிற்று. அதை எழுதிய குழுவில் ஜீன் ஸாமெட் என்ற அம்மையாரும் வேறு சிலரும் இருந்தார்கள். ஹாப்பர் அம்மையார் மேற்குழுவின் ஆலோசகர். கோபோலின் தாய் என்று அவரைப் பலர் சொல்வதுண்டு. தனியாக அவர் எழுதியதல்ல அது. ஆனால் அதற்கு அடித்தளமாக இருந்தவை பெரும்பாலும் அவருடைய ஃப்ளோ-மாட்டிக் காட்டிய வழிகளே.

இரண்டு நாள் பரீட்சை

காகிதத்தில் எழுதிய பொது மொழி நிஜத்தில் நடக்குமா? 1960-ம் ஆண்டு டிசம்பர் 6, 7 தேதிகளில் பரீட்சை நடந்தது. ஒரு கோபோல் புரோகிராம். இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று ஆர்.ஸி.ஏ. கம்பெனியின் 501. மற்றது ரெமிங்டன் ராண்டின் யூனிவாக். இரண்டும் உள்ளே முற்றிலும் வேறு வேறு அமைப்பு. சிறு மாறுதல்கள் தவிர, அதே புரோகிராம் இரண்டு யந்திரங்களிலும் ஓடியது.

ஒருமுறை எழுதிய உழைப்பு வீணாகாது என்று அன்று தெரிந்தது. கோபோல் தெரியாத கம்ப்யூட்டரைத் தக்க காரணம் இல்லாமல் வாங்குவதில்லை என்று பாதுகாப்பு இலாகாவும் அறிவித்தது. பெரிய வாடிக்கைக்காரர் அப்படிச் சொன்ன பிறகு கம்பெனிகள் வேறு என்ன செய்யும்? ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன.

அறுபது வயதில் அழைப்பு

1966-ம் ஆண்டு கடைசி நாளில் கப்பற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. வயது 60. தம் வாழ்நாளில் மிகத் துயரமான நாள் அது என்று பின்னாளில் சொன்னதுண்டு. ஆனால் ஏழே மாதத்தில் கப்பற்படை மறுபடி கூப்பிட்டது. கோபோல் என்ற பெயரில் ஒவ்வொரு கம்பெனியும் தன் சரக்கைக் கலந்து விற்றுக்கொண்டிருந்தது. ஒருவருடைய கோபோல் இன்னொருவருக்குப் புரியவில்லை. பழைய வியாதி புது உருவில் வந்துவிட்டது. அதைச் சீர்செய்ய ஆறு மாதம் வந்து போகும்படி 1967 ஆகஸ்டில் அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது!

சட்டம் போட்டால் மட்டும் போதாது, அது நடக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும் என்பது அம்மையாருக்குத் தெரியும். 1968-ல் கோபோலுக்கு அமெரிக்காவின் தேசியத் தரம் வந்தது. அம்மையாரும் அவருடைய கப்பற்படைக் குழுவினரும் பரீட்சைப் புரோகிராம்களை எழுதினார்கள். தரத்தில் சொல்லியிருக்கும் ஒவ்வொரு கட்டளையையும் கம்பெனியின் கம்பைலர் சரியாகச் செய்கிறதா என்று அவை ஓட்டிப் பார்க்கும். எது தேறியது, எது தவறியது என்று வெளிப்படையாகத் தெரிந்துவிடும். சொன்னபடி சரக்கு இல்லாவிட்டால் மறைக்க முடியாது. பின்னர் அமெரிக்க அரசாங்கம் முழுவதுமே இந்தப் பரீட்சை முறையை ஏற்றுக்கொண்டது.

அவருடைய அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. அது இடமிருந்து வலமாகச் சுற்றாது; எதிர்ப்புறமாகச் சுற்றும். மணி மட்டும் சரியாகக் காட்டும். இத்தனை காலமாக இப்படித்தான் செய்து வருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடிகாரத்தைக் காட்டுவார்.

ஓர் அடிக் கம்பியும் இரண்டு எருதுகளும்

கம்ப்யூட்டர்களின் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. நானோசெகண்ட் என்ற சொல் பழக்கத்துக்கு வந்தது. ஒரு விநாடியை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அது. அதை எப்படி மனதில் வாங்கிக்கொள்வது? அம்மையார் 11.8 அங்குலம், அதாவது சுமார் ஓர் அடி நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கூட்டங்களில் எல்லோருக்கும் கொடுப்பார். ஒளியோ மின்சாரமோ ஒரு நானோசெகண்டில் அதற்கு மேல் போக முடியாது என்பார். பிறகு 984 அடி நீளமுள்ள ஒரு பெரிய கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். அது ஒரு மைக்ரோசெகண்ட். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அத்தனை நேரத்தை வீணாக்கும் புரோகிராம்காரர் கழுத்தில் அந்தச் சுருளை மாட்டிவிட வேண்டும் என்று வேடிக்கை செய்வார்.

இன்னொரு கதையும் சொல்வார். பழங்காலத்தில் ஒரு மரத்தை ஓர் எருதால் இழுக்க முடியாவிட்டால், குடியேறிய மக்கள் இன்னும் பெரிய எருதை வளர்க்க முயலவில்லை. இரண்டு எருதுகளைப் பூட்டினார்கள். அதுபோலப் பெரிய கணக்குக்கு ஒரே ராட்சத யந்திரத்தைத் தேடாமல், பல யந்திரங்களைச் சேர்த்து வேலை வாங்க வேண்டும் என்பார். ஆனால் இரண்டு எருதுகள் ஒன்றாக இழுக்க நுகத்தடி வேண்டும். ஒரே சொல்லுக்கு இரண்டும் கீழ்ப்படிய வேண்டும்.

கடைசி வணக்கம்

1986-ம் ஆண்டு ஆகஸ்ட் 14-ந் தேதி ரியர் அட்மிரல் ஹாப்பர் ஓய்வு பெற்றார். வயது 79. அன்று அமெரிக்க ராணுவத்தில் பணியிலிருந்த அதிகாரிகளில் மூத்தவர் அவர்தான். 1797-ல் நீரில் இறக்கப்பட்ட கான்ஸ்டிடியூஷன் என்ற பழம் பெரும் போர்க் கப்பலில், பாஸ்டன் துறைமுகத்தில் விழா நடந்தது. அதன் பிறகும் வீட்டில் உட்காரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆலோசகராகச் சேர்ந்து, கல்லூரி கல்லூரியாகப் போய் இளைஞர்களுக்குச் சொற்பொழிவு செய்தார்.

1992-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி வர்ஜீனியா மாநிலத்தில் அவர் தூக்கத்திலேயே காலமானார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் நடந்தது. கப்பற்படை ஒரு போர்க் கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியது. 2016-ல் ஜனாதிபதி ஒபாமா அவருக்குச் சுதந்திரப் பதக்கம் அறிவித்துக் கௌரவித்தார்.

அவர் மறைந்த நான்கே மாதத்தில், அதே வர்ஜீனியாவில், வில்லியம்ஸ்பர்க் என்ற ஊரில் விஞ்ஞானிகள் கூடினார்கள். பல ஆயிரம் சிறு கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டும் சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டிருந்தன. அவற்றின் உறுப்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருந்தது. ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடவில்லை. 1959-ல் கண்ட அதே வியாதி! மருந்தும் அதேதான். செய்பவர்களும் பயன்படுத்துபவர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எம்.பி.ஐ. என்ற பொது முறை 1994-ல் வெளிவந்தது.

2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுக்கூடம் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரை நிறுவியது. அதில் 1,53,216 கணக்கிடும் உறுப்புகள். விநாடிக்குப் பத்துக் கோடி கோடிக்கு மேல் கணக்குப் போட்டது. அந்த ஆண்டு உலக வரிசையில் ஐந்தாவது இடம் அதற்குக் கிடைத்தது. 2015 வரை அது உழைத்தது. அத்தனை உறுப்புகளும் எம்.பி.ஐ. முறையில் பேசி, ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்தன. விநாடிக்கு மூன்று கூட்டல் போட்ட மார்க்-1 யந்திரத்தின் முன் நின்ற அந்தக் கணக்கு டீச்சரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். அதன் பெயர் ஹாப்பர்.